ஒரு சுற்றுக்கு எத்தனை அடி

எனக்கு வயது நாற்பத்திரண்டுதான். ஆனாலும் வீட்டில் என்னைக் கிழவன் என்றுதான் சொல்கிறார்கள். மாடிப்படி பத்தொன்பது என்பது தெரிந்தும் ஏறும்போதெல்லாம் எண்ணுவேன். கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை போய்ப் பார்ப்பேன். டியூஷனிலிருந்து மகள் வர ஆறு நிமிடம் தாமதமானால் தெருமுனையில் போய் நின்றுவிடுவேன். இந்தப் பழக்கம் எங்கிருந்து ஒட்டியது என்று மனைவி கேட்டால் பிறவிக் குணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மை அதுவல்ல. அது ஓர் ஆடி மாதத்தில், காங்கேயத்துக்குத் தெற்கே, எங்கள் கொரங்காட்டு வேலியோரம் தொடங்கியது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் முதல் எஸ்.டி.டி. பூத் வந்த வருடம். அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்து, கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி, மொத்தம் ஆறு தடவை. நோயின் பெயரை வீட்டில் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. ஆஸ்பத்திரி விஷயம் என்பார்கள். எண்ணெய் மில்லில் மேஸ்திரியாக இருந்த அப்பா அதைக்கூடச் சொல்லமாட்டார். 'அது' என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். சமையலைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்து தங்கியிருந்தார்.

ஊருக்கும் சொல்லவில்லை. சொன்னால் நாலு திசையிலிருந்தும் சாத்துக்குடியும் ரொட்டியுமாக வந்து, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள். கூட்டம் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அழுகையும் ஆகாது என்பது அம்மாவே சேர்த்துக்கொண்டது. முதல் ஊசி போட்டு இரண்டு வாரத்தில் சீப்போடு முடி வரத் தொடங்கியதும், மறுநாளே பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வேண்டுதல் என்று ஊர் நம்பியது. அம்மாவின் பக்தியைப் பற்றிப் பக்கத்துத் தோட்டங்களில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் முன்பே, முதல் ஊசி போட்டு வந்த அன்று சாயங்காலம், அத்தை அடுப்படியில் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டுவிட்டேன். அவர் வாக்கப்பட்ட ஊரில் ஒருத்திக்கு இதே கட்டி வந்ததாம்.

"ஆறு மாசந்தான் இருந்தா."

நான் உள்ளே போய் ஆறை முப்பதால் பெருக்கினேன். நூற்று எண்பது. ஒரு புது நாற்பது பக்க நோட்டை எடுத்து, முதல் பக்கத்தின் மேலே அந்த எண்ணை எழுதி, கீழே ஒன்று என்று போட்டேன். அன்றைக்கு முதல் நாள்.

இரண்டாவது ஊசிக்குப் பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப் போனார்கள். அங்கிருந்த லேடி டாக்டர் சின்ன வயதுக்காரர். நாள் முழுக்கக் கட்டிலில் கிடக்கக் கூடாது, வெயில் இல்லாத நேரத்தில் வெளிக்காற்றில் தினமும் நடக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார். காய்ச்சல் நூறு டிகிரியைத் தாண்டினால் நடையெல்லாம் கிடையாது, நேராகப் புறப்பட்டு வந்துவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா, எவ்வளவு தூரம் நடப்பது என்று கேட்டார்.

"தூரக் கணக்கெல்லாம் வேண்டாங்க. முடிஞ்ச வரைக்கும். நேத்தைக்கு விட இன்னைக்குப் பத்தடி கூட நடந்தா எனக்குச் சந்தோசம்."

அப்பா காதில் விழுந்தது காய்ச்சல் மட்டும். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு தெர்மாமீட்டர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மில்லுக்குப் போகும்போதுகூட அதை எடுத்து வைக்க மறந்துவிடுவார். என் காதில் விழுந்தது அந்தப் பத்தடி மட்டும். நேற்றைவிட இன்று கூட. பல்லடம் தாண்டும் வரை பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

நடப்பது எளிதாக இல்லை. எங்கள் பக்கத்தில் வேலையில்லாமல் யாரும் நடப்பதில்லை. எதிரே வருகிற ஒவ்வொருவரும் எங்கே போறீங்க என்று கேட்பார்கள். கேட்காமல் போனால் மரியாதைக் குறைவு. முதல் நாள் வண்டித்தடத்தில் அம்மா அரைமணி நேரம் நடந்ததற்குள் ஐந்து பேர் கேட்டார்கள். ஒருவர் மொபெட்டைத் திருப்பி, ஏறிக்கொள்ளுங்கள், கொண்டுபோய் விடுகிறேன் என்று பிடிவாதமாக நின்றார். இன்னொருவர் எங்கள் வீட்டுக்கே போய், அம்மிணி வெறுங்கையோடு போய்க்கொண்டிருக்கிறது, என்ன ஏது என்று பாருங்கள் என்று அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். படுத்திருக்க வேண்டிய உடம்பை நடக்கவிட்டுச் சாகடிக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் நானும் பாதி சேர்ந்துதான் இருந்தேன். ஆனால் பத்தடிக் கணக்கு டாக்டர் சொன்னது.

அதனால் அம்மா கொரங்காட்டுக்கு மாறினார். உழாமல் புல்லுக்காகவே விட்டுவைத்த மேய்ச்சல் காட்டைத்தான் கொரங்காடு என்போம். எங்களுடையது மூன்று ஏக்கர். நடுவில் பதினான்கு வெள்வேல மரம், நாலு பக்கமும் கிளுவை வேலி, உள்ளே போய்வர கதவு மாதிரி ஒரு படல். உள்ளே இரண்டு மாடும் ஒரு கிடாரியும் மேய்ந்துகொண்டிருக்கும். வேலியில் ஓட்டை இருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பது எங்கள் ஊரில் ஒரு வேலை. அம்மா கையில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டார். அதன்பின் யாரும் எதுவும் கேட்கவில்லை.

காலையில் ஒரு சுற்று, பள்ளிவிட்டு நான் வந்ததும் ஒரு சுற்று. சாயங்காலச் சுற்றைத்தான் எண்ணுவேன். படலில் தொடங்கி மறுபடி படலுக்கு வரும் வரை அம்மாவின் பின்னாலேயே நடந்து, அவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டே எண்ணுவேன். முதல் நாள் எண்ணூற்றுப் பன்னிரண்டு அடி. நோட்டில் எழுதினேன்.

பத்தாம் நாளோ என்னவோ, வேலி கட்டுகிறவர் வந்து படலுக்கு வெளியே நின்றார். அந்த வட்டாரத்தில் பாதி வேலி அவர் கட்டியதுதான். நெடிய ஆள். வேலியைத் தப்படி வைத்து அளப்பார். எங்கள் வேலி ஐந்நூற்றெண்பது தப்படி என்று அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். என் கணக்கில் எண்ணூற்றுக்கு மேல் வந்ததால், மனிதர் எண்ணத் தெரியாதவர் என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன். அவர் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி அம்மாவைப் பார்க்காமல் பேசினார்.

"ஏனுங்க அம்மிணி, நம்ம வேலைல கொறை இருந்தா நேர்லயே சொல்லிப்போடுங்க. தெனம் ரெண்டு நேரம் குச்சியோட வந்து பாத்துட்டுப் போறீங்க. ஊருக்குள்ள என்னைய என்னன்னு நெனைப்பாங்க."

வேலியில் குறையே இல்லை, தான் பார்ப்பது வேலியை அல்ல, சும்மா நடப்பதற்காக நடப்பதாக அம்மா சொன்னார்.

"சும்மாவுங்களா?"

"சும்மாத்தானுங்க."

அது அவரை இன்னும் புண்படுத்திவிட்டது. தன் வேலையைப் பற்றி நேராகச் சொல்ல மனமில்லாமல் பெரிய வீட்டுக்காரி ஏதோ சாக்குச் சொல்வதாக அவர் நினைத்திருக்க வேண்டும். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையில் போட்டிருந்த முந்தானையைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"இது பழனிக்குக் குடுத்த முடி இல்லீங்க. குடுக்காட்டியும் போயிருக்கும்."

வேலிக்காரர் அந்தத் தலையைப் பார்த்தார். போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் நாங்கள் போனபோது வேலியோரம் சுற்றிலும் முள் பொறுக்கி, புல்லைச் செதுக்கி, ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்குத் தடம் போட்டிருந்தது. நாலு மூலையிலும் உட்காருகிற உயரத்தில் ஒவ்வொரு கல். ஊரில் யாராவது விசாரித்தால், அம்மிணி வேலி பார்க்கிறாங்க என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு பொய்யாகிவிடக் கூடாது என்றோ என்னவோ, வாரத்துக்கு ஒன்று வேலியில் ஓட்டை விழத் தொடங்கியது. ஒரு சாண் அகலம், கத்தியால் வெட்டிய மாதிரி சுத்தமான ஓட்டை. நாங்கள் பார்த்துச் சொன்ன மறுநாள் அவரே வந்து அடைத்துவிடுவார். எவன் வேலையோ இது என்று அப்பா சத்தம் போட்டார். வேலிக்காரரும் கூடச் சேர்ந்து, ஆமாங்க, பசங்க தொந்தரவுங்க என்றார். அம்மா சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

எண்கள் ஏறின. எண்ணூற்று முப்பது, எண்ணூற்று அறுபத்தொன்பது, தொள்ளாயிரத்து நாலு. ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். ஊசி போட்டு வந்த அடுத்த வாரம் எண் தாவும். மூன்றாம் வாரம் கொஞ்சம் இறங்கும். மறுபடி ஊசி, மறுபடி தாவல். மருந்து வேலை செய்கிறது, மூன்றாம் வாரத்தில் அதன் வேகம் தீர்ந்துபோகிறது என்று புரிந்துகொண்டேன். இதைக் கண்டுபிடித்த நாளில் கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியதைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டேன். எண் இறங்குகிற நாட்களில் மட்டும் சோறு இறங்காது. மணியடித்ததும் ஓடி வருவேன். வாசலில் அம்மாவின் செருப்பு கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

புரட்டாசி நடுவில், நான்காவது ஊசி போட்டு எட்டாம் நாள். நோட்டில் எழுபத்தொன்றாம் நாள். அன்று மூன்றாம் மூலையில் கல்மேல் அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது கால்கள் மண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தன. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். தொள்ளாயிரத்து ஐம்பது. தொள்ளாயிரத்து எண்பது. படல் தெரிந்தது. இதுவரை வராத எண் வரப்போகிறது.

"இன்னும் கொஞ்சந்தானுங்கம்மா. ஆயிரம் வந்துரும்."

அம்மா என்னைப் பார்த்தார். படலுக்கு வந்தபோது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. அதோடு நின்றிருக்கலாம். அவர் படலைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெல்ல ஐந்து அடி எடுத்து வைத்தார். எனக்காக. ஆயிரத்து மூன்று.

நான் கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். ஆயிரத்தைத் தாண்டியாயிற்று என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். அம்மாவின் கையைத் தொட்டதும் அத்தையின் முகம் மாறியது. அப்பாவுக்கு ஆள் போனது. சட்டைப் பையிலிருந்த தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. கார் வந்தபோது அம்மா என் கையை விடாததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். சூலூர் வரை அம்மாவின் மூச்சை எண்ணினேன். அதற்குமேல் எண்ணப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ரத்தத்தில் ஏதோ அணுக்கள் அடியோடு குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். லேடி டாக்டர் வெளியே வந்தபோது நான் நோட்டை நீட்டினேன். அவர் சொன்னபடிதான் நடந்திருக்கிறோம், எங்கள் மேல் தப்பு இல்லை என்று காட்டுவதற்கு. அவர் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். முதல் பக்கத்து நூற்று எண்பதை ஒரு தரம் பார்த்தார். பிறகு எண்களை மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டு வந்தார்.

"இதெல்லாம் ஒரே எடந்தானா கண்ணு?"

"ஒரே வேலிதானுங்க டாக்டர். படல்ல இருந்து படல் வரைக்குங்க."

விரல் கடைசி எண்ணில் நின்றுவிட்டது. நல்லா எண்ணியிருக்கே என்று சொல்லி என் தலையைத் தொட்டார். அப்பாவைத் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினார். இனிமேல் முழுச் சுற்று வேண்டாம், முடிந்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், திரும்பிவிட வேண்டும் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. ஆயிரத்து மூன்று எடுத்த பிறகு ஏன் இப்படிக் குறைக்கச் சொல்கிறார் என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

ஒன்பது நாள் கழித்து அம்மா வந்தார். ஐந்தாவது, ஆறாவது ஊசிகளை அளவு குறைத்துப் போட்டார்கள். அந்த நாட்களில் பாதிச் சுற்று, கால் சுற்று, சில நாள் படல் வரை மட்டும். நோட்டில் கோடு போட்டுவைத்தேன். கார்த்திகை பிறந்த பிறகு மறுபடி முழுச் சுற்று. அப்போதுதான் என் பயம் உண்மையில் தொடங்கியது.

எண்கள் இறங்கின. தொள்ளாயிரத்து எழுபது, தொள்ளாயிரத்து நாற்பது, தொள்ளாயிரத்துப் பத்து. ஏறவே இல்லை. ஊசியும் முடிந்துவிட்டது, தூக்கிவிட இனி மருந்து இல்லை. அம்மாவின் தலையில் ஒரு விரற்கடை முடி வந்திருந்தது. அத்தை தன் ஊருக்குத் திரும்பிப் போயிருந்தார். அம்மாவே மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். எல்லோரும் ஏமாந்துகொண்டிருக்கிறார்கள், நோட்டில் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நடந்துவிடும்.

அம்மாவின் முந்தானையைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பேன். "மெதுவா நடங்கம்மா" என்பேன். என்னால் கூட வர முடியவில்லை என்று நினைத்து அவர் நின்று நின்று போவார். அப்படியும் எண்ணூற்று ஐம்பதுக்கு மேல் வரவில்லை. அதனால் பொய் எழுதத் தொடங்கினேன். ஆயிரத்து நாலு, ஆயிரத்து ஐந்து. சுற்று முடிந்ததும் அம்மா எத்தனை என்று கேட்பார். நான் பொய் எண்ணைச் சொல்வேன். அப்படியா என்று மட்டும் சொல்வார்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், நூற்று எண்பது.

அன்று பள்ளிக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். சாயங்காலம் நடக்கக் கிளம்பினால்தான் கணக்கு முடியும், கிளம்பாவிட்டால் இந்த நாள் நாளாகாது என்று எனக்கு ஒரு யோசனை. அம்மாவின் செருப்பில் ஒன்றை எடுத்து வைக்கோல் போரில் செருகி வைத்தேன். அம்மா தேடிப் பார்த்துவிட்டு அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். நோட்டை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

அன்றைக்கு அவர் எந்தக் கல்லிலும் உட்காரவில்லை. நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஒவ்வொரு மூலையிலும் எண் நேற்றைவிடக் குறைவாக இருந்தது. நாலாவது மூலையில் வேலிக்காரர் கிளுவைக் கிளைகளை வெட்டிப் போத்தாக நட்டுக்கொண்டிருந்தார். அம்மா தாண்டிப் போகும்போது நிமிர்ந்து, கால்களையே பார்த்தார்.

"நடை நீண்டு போச்சுங்க அம்மிணி. பொரட்டாசில ரெண்டு வெச்ச எடத்துல இப்ப ஒண்ணுதான் வெக்கறீங்க."

அம்மா நிற்காமலே, ஆமாங்க என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு இருந்த இடத்தில் ஒன்றுதான் என்பது மட்டும் எனக்குக் கேட்டது. எண்ணத் தெரியாத அந்த மனிதருக்கே பாதியாகக் குறைந்தது தெரிந்துவிட்டது. இதில் அம்மா ஏன் சிரிக்கிறார்?

படலுக்கு வந்ததும் அவர் மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது. எத்தனை கண்ணு என்று கேட்டார். நான் ஆயிரத்து நாற்பது என்றேன். அம்மா நோட்டையும் பென்சிலையும் வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, படலின்மேல் வைத்து அழுத்தமாக எழுதினார். எழுநூற்று எண்பத்தெட்டு. அதுதான் சரியான எண். முதல் நாள் எண்ணைவிடக்கூடக் குறைவு.

"நானும் எண்ணிட்டுத்தான் இருக்கறேன் சாமி, மொத நாள்ல இருந்து."

அப்படியென்றால் அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நான் விம்மி விம்மி அழுதேன். அம்மா என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. ஆனால் முகம் திருவிழாவுக்குப் போகிறவர் முகம் மாதிரி இருந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று விளங்கவில்லை.

அவர் முன்னால் போனதும் நான் வேலியோரம் உட்கார்ந்து, அந்த எண்ணை ரப்பரால் அழித்தேன். அழுத்தி எழுதியிருந்ததால் தடம் போகவில்லை. தாள் கிழிகிற மட்டும் தேய்த்தேன். அந்த எண் இல்லாமல் போனால் அம்மா இருப்பார்.

மறுநாள் நூற்று எண்பத்தொன்று. விடிந்ததும் வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. வைக்கோல் போரிலிருந்து ஒரு செருப்பை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, நடக்க வாரியா கண்ணு என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல நேரத்தில் அழித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.